தட்டின் அடியில் இரண்டு எழுத்து: 'குடும்பத் தொழில்' என்ற பெருமையில் விடுபட்டவர்கள் யார்?

ஒரு பிராண்டின் பெட்டியில் '1690 முதல்' என்று அச்சடித்திருந்தால் நம் மனதில் என்ன படம் ஓடும்? தாடி வைத்த ஒரு தாத்தா. அவருக்குப் பின்னால் மகன், பேரன், கொள்ளுப்பேரன். ஒரே ரத்தம், ஒரே பெயர், ஒரே ரகசிய ஃபார்முலா. விளம்பரங்கள் நம்மை அப்படிப் பழக்கி வைத்திருக்கின்றன.

பிரான்ஸில் அப்படி 1690-ஐத் தன் பிறந்த வருஷமாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு மண்பாண்டத் தொழிற்சாலை உண்டு. அதன் பழைய தட்டுகளைத் திருப்பிப் பார்த்தால் அடியில் இரண்டு எழுத்துகள் இருக்கும்: ஹெச்.பி. இந்த இரண்டு எழுத்துகளின் கதையைக் கேட்டால் அந்தத் தாத்தா - மகன் - பேரன் படம் அப்படியே கலைந்துவிடும். கலையட்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி.

எங்கே இருக்கிறது இந்த ஊர்?

பிரான்ஸின் வடமேற்கு மூலையில், அட்லாண்டிக் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி பிரிட்டனி. அதன் தென்மேற்கில் இருக்கும் நகரம் கேம்பேர். இங்கே ஓதே, ஸ்டெய்ர் என்ற இரண்டு ஆறுகள் சேர்கின்றன. பிரிட்டனியின் சொந்த மொழியான பிரெத்தோனில் ஊரின் பெயர் 'கெம்பெர்'. பொருள்? நம்ம ஊர் 'கூடுதுறை' போலத்தான்: ஆறுகள் கூடும் இடம்.

ஊரின் லோக்மரியா பகுதி ஓதே ஆற்றங்கரையில் இருக்கிறது. களிமண் கிடைத்தது, சூளைக்கு விறகு கிடைத்தது, சரக்கை ஏற்ற ஆற்றில் படகு போனது. மண்பாண்டத் தொழிலுக்கு இதைவிட என்ன வேண்டும்? பிரான்ஸின் தென்கோடியான ப்ரோவான்ஸிலிருந்து கிளம்பி வந்த ழான்-பத்தீஸ்த் பூஸ்கே என்பவர் இங்கேதான் பட்டறை போட்டார். ஆக, 'மண்ணின் மைந்தர்' தொழில் என்று இன்று விற்கப்படும் ஒன்றைத் தொடங்கியவரே வெளியூர்க்காரர்.

நேரமும் நல்ல நேரம். முந்தைய ஆண்டு, 1689-ல், போர்ச் செலவுக்குப் பணம் போதாமல் மன்னர் பதினான்காம் லூயி தன் அரண்மனை வெள்ளிச் சாமான்களையே உருக்கச் சொன்னார். 1709-ல் திரும்பவும் அதே கதை. வெள்ளித் தட்டு காணாமல் போன மேசைகளில் வேறு ஏதாவது வைக்க வேண்டுமே! அந்தக் காலியிடத்தில் பிரான்ஸ் முழுக்க வளர்ந்ததுதான் 'ஃபையான்ஸ்'.

ஃபையான்ஸ் என்றால் பீங்கானா?

இல்லை. இது பலரும் குழப்பிக்கொள்கிற இடம். பீங்கான் செய்ய 'கயோலின்' என்ற தனி வெள்ளைக் களிமண்ணும் மிக அதிகச் சூடும் வேண்டும். ஃபையான்ஸ் சாதாரணக் களிமண்தான். இத்தாலியின் ஃபயென்சா நகரத்திலிருந்து வந்த பெயர் இது.

செய்முறை சுருக்கமாக: களிமண்ணை வடிவமாக்கிக் காயவைத்து, சுமார் 1,000 டிகிரியில் ஒருமுறை சுடுவார்கள். பிறகு வெள்ளீய ஆக்ஸைடு கலந்த திரவத்தில் முக்கி எடுப்பார்கள். பழுப்பு மண் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். அந்த வெள்ளைப் பூச்சு காய்ந்ததும் அதன்மேல் தூரிகையால் வரைந்து, இன்னொருமுறை சூளைக்குள் வைத்தால், பூச்சும் நிறமும் சேர்ந்து உருகிக் கண்ணாடி போலப் பளபளக்கும். நீலத்துக்குக் கோபால்ட், பச்சைக்குச் செம்பு, மஞ்சளுக்கு ஆன்டிமனி, ஊதாவுக்கு மாங்கனீஸ் என்று அந்தச் சூட்டைத் தாங்கும் நிறங்கள் கொஞ்சம்தான்.

இதில் உண்மையான சவால் வரைவது. சுடாத பூச்சு மாவு மாதிரி இருக்கும். தூரிகை பட்ட கணமே மை ஒற்றும் தாள் மாதிரி நிறத்தை உறிஞ்சிக்கொள்ளும். அழிக்க முடியாது, 'அன்டூ' பட்டன் கிடையாது. கேம்பேரின் பாணியே ஒரு தொடுதலில் ஒரு இதழ், ஒரு தொடுதலில் ஒரு இலை. தூரிகையை எவ்வளவு அழுத்துகிறோம், எந்தக் கணத்தில் எடுக்கிறோம் என்பதில்தான் இதழின் வடிவம் இருக்கிறது. இது கைக்குள் ஊற வருஷக்கணக்காகும். இந்த 'கை' விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முடிவில் தேவைப்படும்.

மகன் ஒருவர், அதன்பின் வரிசையாக மாப்பிள்ளைகள்

பூஸ்கேவுக்குப் பிறகு 1708-ல் பொறுப்பேற்றவர் அவர் மகன் பியேர். இதுவரை நாம் எதிர்பார்த்த மாதிரிதான் போகிறது. இதற்குப் பிறகுதான் திருப்பம்.

பியேர் பூஸ்கேவின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டவர் பியேர் பெல்வோ. எங்கிருந்து வந்தவர்? நெவேர். அந்தக் காலப் பிரான்ஸின் பெரிய ஃபையான்ஸ் மையங்களில் ஒன்று. 1730-களில் அவர் மாமனாரின் தொழிலில் சேர்ந்தார். நெவேர் பாணி டிசைன்களும் கூடவே கேம்பேருக்கு வந்தன.

பெல்வோவின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டவர் பியேர்-க்ளெமான் கோசி. இவர் ரூவான்காரர். ரூவான் என்றால் ஃபையான்ஸில் இன்னொரு பெரிய பள்ளி. 1740-களில் கோசி வந்த பிறகு ரூவானின் அலங்கார பாணியும் லோக்மரியாவில் குடியேறியது.

கோசியின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டவர் அந்துவான் த லா யூபோதியேர். 1770-களில் நடந்த கல்யாணம். இவர் குயவர் இல்லை, சாலை - பாலங்கள் துறையின் பொறியாளர். கோசி 1782-ல் இறந்த பிறகு தொழிற்சாலை இவர் கைக்கு வந்தது.

கவனித்தீர்களா? தொடர்ந்து மூன்று தலைமுறை, தொழில் கைமாறியது மகள் வழியாக. ஒவ்வொரு முறையும் நிறுவனத்தின் குடும்பப் பெயர் மாறியது. பூஸ்கே, பெல்வோ, கோசி, யூபோதியேர். நம்ம ஊர் பாஷையில் சொன்னால், 'வீட்டோட மாப்பிள்ளை'கள் ஓட்டிய வண்டி இது.

ஹெச்.பி. என்ற இரண்டு எழுத்து இதன் சுருக்கம்தான். ஹெச் என்றால் யூபோதியேர், கடைசியாக வந்த மாப்பிள்ளை. பி என்றால் பூஸ்கே, தொடங்கிவைத்த மாமனார் வீடு. இந்த இரண்டு எழுத்துக்கும் நடுவே மூன்று பெண்கள் இருக்கிறார்கள். அந்த மூன்று பேர் இல்லாவிட்டால் முதல் எழுத்துக்கும் இரண்டாம் எழுத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் முத்திரையில் அவர்களுக்கு எழுத்து இல்லை.

சரி, அப்போ பெண்கள் வெறும் 'பாலம்'தானா?

அதுவும் இல்லை. பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்பான 1790-களில் அந்துவான் இறந்துபோக, தொழிற்சாலையைக் கையில் எடுத்தவர் அவர் மனைவி, அதாவது கோசியின் மகள். எப்படிப்பட்ட காலம் என்று பாருங்கள். 1786-ல் பிரான்ஸும் இங்கிலாந்தும் போட்ட வர்த்தக ஒப்பந்தத்தால் இங்கிலாந்தின் மலிவான, லேசான, பளிச்சென்ற பாத்திரங்கள் பிரான்ஸ் சந்தையில் வந்து குவிந்தன. ஃபையான்ஸ் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. கூடவே புரட்சி, போர். அந்தச் சூழலில் ஒரு பட்டறை எரிந்துகொண்டே இருந்தது என்றால் அதை 'பரம்பரைப் பெருமை' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட முடியாது.

19-ம் நூற்றாண்டிலும் இதே மாதிரி ஒரு காட்சி உண்டு. லோக்மரியாவில் மொத்தம் மூன்று ஃபையான்ஸ் குடும்பங்கள். 1770-களில் எலூரி என்பவரும், 1790-களில் நார்மண்டியிலிருந்து வந்த துமேன் என்பவரும் பக்கத்திலேயே போட்டிப் பட்டறைகளைத் தொடங்கினார்கள். எலூரியின் பட்டறை பிறகு போர்க்கியே குடும்பத்துக்குப் போனது. அந்த வீட்டில் கணவர் இறந்த பிறகு நிர்வாகத்தைப் பார்த்தவர் அவருடைய விதவை. அல்ஃபிரெத் போ என்ற ஓவியர் இந்தப் பட்டறையோடு 1870-களில் கைகோத்தார். பிரெத்தோன் கிராம வாழ்க்கைக் காட்சிகளைத் தட்டுகளில் வரைந்தது அப்போதுதான். இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலையும் பி.பி. முத்திரை, அதாவது போர்க்கியே-போ, அந்தக் கூட்டணியின் விளைவு.

வணிக வரலாறுகளில் 'விதவை நடத்தினார்' என்று ஒற்றை வரியில் தாண்டிப் போவார்கள். நெருக்கடியான காலத்தில் நிறுவனத்தை ஓட்டியவரை இன்று நாம் என்ன பெயரில் அழைப்போம்? சி.இ.ஓ. என்போம்.

ரயில் வந்தது, 'குட்டி பிரெத்தோன்' பிறந்தார்

1863-ல் கேம்பேருக்கு ரயில் வந்தது. கூடவே சுற்றுலாப் பயணிகள். பாரிஸிலிருந்து வந்தவர்களுக்கு ஊரின் நினைவாக எடுத்துப்போக ஏதாவது வேண்டும். அகன்ற தொப்பி, தொளதொள கால்சட்டை போட்ட ஆண். வெள்ளைத் தலையணி போட்ட பெண். சுற்றிலும் பூக்கள், ஓரத்தில் நீலம் - மஞ்சள் கோடுகள். இதுதான் 'குட்டி பிரெத்தோன்'. கேம்பேர் தட்டு என்றாலே உலகம் முழுக்க இன்றும் நினைவுக்கு வரும் உருவம். பிறகு இரண்டு காது வைத்த கிண்ணத்தில் பெயர் எழுதித் தருவதும் சேர்ந்தது. பிரிட்டனிக்குப் போய் வந்த பிரெஞ்சுக் குடும்பங்களில் பெயர் போட்ட கிண்ணம் இல்லாத சமையலறை குறைவு. 'பெர்சனலைஸ்டு கிஃப்ட்' என்று நாம் ஆன்லைனில் ஆர்டர் செய்வதன் மூத்த அக்கா.

இதில் எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது. பிரெத்தோன் விவசாயி தட்டில் சிரித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், பிரிட்டனியின் பள்ளிகளில் பிரெத்தோன் பேசிய குழந்தைகள் தண்டிக்கப்பட்டார்கள். வகுப்பில் தாய்மொழி பேசி மாட்டிக்கொண்ட குழந்தையின் கழுத்தில் ஒரு பொருளைத் தொங்கவிடுவார்கள். அதன் பெயர் 'சின்னம்'. அடுத்து யாராவது பிரெத்தோன் பேசினால் அதை அவர் கழுத்துக்கு மாற்றலாம். தண்டனையிலிருந்து தப்பிக்கக் குழந்தையே இன்னொரு குழந்தையைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

அதாவது, பிரெத்தோன் உடை விற்பனைக்கு வேண்டும். பிரெத்தோன் வார்த்தை வாயில் வரக்கூடாது. இதற்குத் தொழிற்சாலையைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. பள்ளிக்கூட விதியைக் குயவர்கள் எழுதவில்லை. ஆனால் 'பாரம்பரியம்' என்ற சொல் எவ்வளவு வசதியாக ஒரு மக்களின் உடையை எடுத்துக்கொண்டு நாக்கை விட்டுவிடுகிறது என்பதற்கு இந்தத் தட்டு ஒரு சாட்சி.

1920-களில் இளம் பிரெத்தோன் கலைஞர்கள் சிலருக்கே இது கசந்தது. ழான் மலிவேல், ரெனே-ஈவ் க்ரெஸ்தோன் போன்றவர்கள் 'ஆர் ஸெய்ஸ் ப்ரெயூர்' (ஏழு சகோதரர்கள்) என்ற குழுவைத் தொடங்கினார்கள். சுற்றுலாப் பொம்மையைத் தாண்டி, நவீனமான பிரெத்தோன் கலை வேண்டும் என்பது அவர்கள் வாதம். அவர்களின் டிசைன்களைக் கேம்பேர் பட்டறைகள் செய்தன. 1925 பாரிஸ் கண்காட்சிக்கும் போயின. 'ஏழு சகோதரர்கள்' என்ற குழுவைத் தொடங்கிய முக்கியமானவர்களில் ஒருவரான மலிவேல் ஒரு பெண் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு எழுத்துக்காக ஒரு வழக்கு

துமேனின் பட்டறை கடைசியில் ஹென்ரியோ குடும்பத்துக்கு வந்தது. அவர்கள் தட்டில் போட்ட முத்திரை ஹெச்.ஆர்., அதாவது ஹென்ரியோ-ரியூ. ரியூ என்பது அந்தக் குடும்பத்துக்குள் கல்யாணத்தின் வழியாக வந்த பெண்ணின் வீட்டுப் பெயர். ஹெச்.பி., ஹெச்.ஆர். இரண்டும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும். ஹெச்.பி. தரப்பு நீதிமன்றம் போனது. 1922-ல் ஹென்ரியோ அந்த இரண்டெழுத்தைக் கைவிட்டு 'ஹென்ரியோ கேம்பேர்' என்று முழுப்பெயரை எழுதத் தொடங்க வேண்டியதாயிற்று.

வேடிக்கை என்னவென்றால், ஹெச்.பி. முத்திரைக்காகச் சண்டை போட்டபோது யூபோதியேர் குடும்பம் தொழிற்சாலையில் இல்லை! 1917-லேயே விற்றுவிட்டார்கள். வாங்கியவர் பூலோன்-சுர்-மேர் நகரத்திலிருந்து வந்த ழூல் வெர்லாங்க். 1690-ல் தொடங்கிய சங்கிலி 227 வருஷத்தில் அறுந்தது. அதன்பிறகு அந்த இரண்டெழுத்து ஒரு குடும்பத்தின் பெயர் இல்லை. வாங்கவும் விற்கவும் வழக்குப் போடவும் முடிகிற ஒரு சொத்து.

வெர்லாங்க் காலம் மோசம் என்று சொல்லவில்லை. ஓதே ஆற்றின் பெயரிலேயே 'ஓதெத்தா' என்று அவர் தொடங்கிய கருநிறக் கல்பாண்ட வரிசை இன்று ஆர்ட் டெக்கோ ரசிகர்களுக்குப் பொக்கிஷம். நல்ல உரிமையாளர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதற்கு அதுவே உதாரணம்.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1968-ல் ஹெச்.பி.யும் ஹென்ரியோவும் ஒன்றாக இணைந்தன. 1983-ல் திவால். அடுத்த வருஷம் அதை வாங்கிக் காப்பாற்றியவர்கள், கேம்பேர் தட்டுகளை அமெரிக்காவில் இறக்குமதி செய்து விற்றுக்கொண்டிருந்த ஜான்சென்ஸ் தம்பதி. 2003-ல் அவர்களும் விற்றார்கள். 2011-ல் மறுபடி நெருக்கடி, மறுபடி புது உரிமையாளர். அதன்பிறகு தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது 'ஹென்ரியோ-கேம்பேர்' என்ற பெயரில். ஆமாம், 1922-ல் வழக்கில் எழுத்தை விட்டுக்கொடுத்தவர்களின் பெயர்தான் பலகையில் மிஞ்சியது.

இத்தனை கை மாறியும் எது மாறவில்லை?

இப்போது அந்தக் 'கை' விஷயத்துக்கு வருவோம்.

உரிமையாளர் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. ஆனால் ஒரு தொடுதலில் ஒரு இதழ் போடும் வேலை ஒரு மேசையிலிருந்து பக்கத்து மேசைக்கு, மூத்தவரிடமிருந்து புதிதாகச் சேர்ந்தவருக்குப் போய்க்கொண்டே இருந்தது. முக்கியமாக 20-ம் நூற்றாண்டில் அந்த மேசைகளில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களை அழைக்க அகராதிச் சொல்லை விட்டுவிட்டு 'பாந்த்தூஸ்' என்று ஊருக்கே உரிய ஒரு சொல்லை வைத்துக்கொண்டார்கள். ஓட்டை போட்ட தாளைத் தட்டின்மேல் வைத்துக் கரித்தூளைத் தட்டினால் புள்ளிகளாக உருவம் விழும். அந்தப் புள்ளிகளுக்கு உயிர் கொடுப்பது அவர்கள் தூரிகை. வேலை முடிந்ததும் தட்டின் அடியில், நிறுவன முத்திரைக்குப் பக்கத்தில், தங்கள் இனிஷியலை ஓரமாகப் போடுவார்கள்.

ஆக, தட்டைத் திருப்பினால் இரண்டு வகை எழுத்துகள். ஒன்று சட்டத்தின் பாதுகாப்போடு இருக்கும் முத்திரை. அதற்காக வழக்கு நடந்தது, அதற்கு விலை உண்டு. இன்னொன்று அதை வரைந்தவரின் இனிஷியல். பெரும்பாலும் அது யாருடையது என்று சேகரிப்பாளர்கள் பட்டியல் போட்டுத் தேட வேண்டியிருக்கிறது.

'அப்போ குடும்பத்துக்கு மதிப்பே இல்லையா?' என்று கேட்கலாம். இருக்கிறது. குடும்பத் தொழிலுக்கு ஒரு பெரிய பலம் உண்டு: மோசமான வருஷங்களில் கணக்கைப் பார்த்து உடனே மூடிவிட்டுப் போவதில்லை. வெளி முதலீட்டாளராக இருந்திருந்தால் 1790-களிலேயே லோக்மரியா சூளை அணைந்திருக்கலாம். அந்தப் பொறுமைக்கு மரியாதை கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்தப் பொறுமையை மட்டும் சொல்லி நிறுத்தினால் கதை பாதிதான். பூஸ்கே வீடு 18-ம் நூற்றாண்டில் ஜெயித்தது, வெளியிலிருந்து தொழில் தெரிந்தவர்களைக் கதவு திறந்து உள்ளே விட்டதால். நெவேர்காரரும் ரூவான்காரரும் வராமல், 'நம்ம ரத்தம்தான் நடத்தணும்' என்று பிடிவாதம் பிடித்திருந்தால் இன்னொரு கிராமத்துப் பட்டறையாக முடிந்திருக்கும். அந்தக் கதவு கல்யாணம். திறந்தவர்கள் மகள்கள். பிற்பாடு திறமை முழுக்கவே குடும்பத்துக்கு வெளியே, சம்பளத்துக்கு வரைந்தவர்களின் விரல்களுக்குப் போய்விட்டது. 1917-க்குப் பிறகும் கேம்பேர் தட்டு கேம்பேர் தட்டாகவே இருந்ததற்கு அவர்கள்தான் காரணம்.

இது பழைய பிரெஞ்சுக் கதை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. 'மூன்றாம் தலைமுறை', 'பாரம்பரிய நிறுவனம்' என்று எந்த பிராண்டு சொன்னாலும் கேட்பதற்கு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த வம்சாவளிப் படத்தில் மகள்களும் மருமகள்களும் எங்கே? பொருளை உண்மையில் செய்யத் தெரிந்தவர் யார், அவர் அதை அடுத்து யாருக்குக் கற்றுக்கொடுக்கிறார், அதற்கு அவருக்குச் சம்பளம் உண்டா? முதல் கேள்விக்குப் பதில் இல்லை என்றால் வரலாறு அரைகுறை. இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால் எதிர்காலமே சந்தேகம். ஏனென்றால் பெயரை நீதிமன்ற ஏலத்தில் வாங்கலாம், அந்த ஒற்றைத் தொடுதலை வாங்க முடியாது.

பழைய கேம்பேர் தட்டு எப்போதாவது கையில் கிடைத்தால் முன்பக்கத்துக் குட்டி பிரெத்தோனை ரசித்துவிட்டுத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தைப் படித்தாயிற்றா? பக்கத்தில் சின்னதாக இன்னொன்று இருக்கும். அதையும் படித்துவிட்டு வையுங்கள்.